ஜலநேதி: நீரின் தூய்மையே முதற்படி

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் வகுத்துள்ள நியமங்கள் ஐந்து. அவற்றுள் முதலாவதாக அவர் வைத்தது சௌசம், அதாவது தூய்மை. அகத்தூய்மைக்குப் புறத்தூய்மை துணை செய்கிறது என்பது நம் சான்றோர் கண்ட உண்மை. இக்கருத்தை ஒட்டியே ஹடயோக நூல்கள் தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி என்னும் ஆறு கிரியைகளை உடல் தூய்மைக்கென வகுத்தன.

இவற்றுள் இன்று இல்லறத்தாரும் மாணவர்களும் முதியோரும் மிகுதியாகப் பயில்வது ஜலநேதி. வெதுவெதுப்பான உப்புநீரை ஒரு நாசியின் வழியே செலுத்தி மறு நாசியின் வழியே வெளியேற்றும் இப்பயிற்சி பார்ப்பதற்கு எளியது. எளியது என்பதனாலேயே ஒரு முக்கியமான கேள்வி பலருடைய கவனத்திற்கு வராமல் போகிறது. மூக்கைத் தூய்மை செய்யப் போகும் அந்த நீர் தூயதுதானா? இக்கேள்விக்கு விடை கண்ட பின்னரே நேதிக் கலத்தைக் கையில் எடுக்க வேண்டும்.

சுவாமிஜி சொன்ன குறிப்பு

சுவாமி விவேகானந்தர் 1895-96ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில் நியூயார்க் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1896இல் 'ராஜயோகம்' என்னும் நூலாக வெளிவந்தன. ஹடயோகத்தின் நோக்கம் பெரும்பாலும் உடலளவிலேயே நின்றுவிடுகிறது என்று அந்நூலில் சுவாமிஜி எடுத்துக்காட்டுகிறார். எனினும் அதன் சாதாரணப் பாடங்களில் ஓரிரண்டு மிகவும் பயனுள்ளவை என்றும் கூறி, ஓர் உதாரணம் தருகிறார். தலைவலியால் துன்புறுவோர் காலையில் எழுந்தவுடன் மூக்கின் வழியே குளிர்ந்த நீரை உறிஞ்சிப் பருகுவது நல்லது, நாள் முழுவதும் தலை குளிர்ச்சியாக இருக்கும், சளியும் பிடிக்காது என்பது அக்குறிப்பின் சாரம்.

சுவாமிஜியின் நூல்களை ஊன்றிப் படிக்கும் அன்பர்கள் இக்குறிப்பை அறிந்திருப்பர். அதனை எழுத்துக்கு எழுத்து பின்பற்றிக் குழாய் நீரிலோ கிணற்று நீரிலோ மூக்கை வைத்து உறிஞ்சலாமா? கூடாது என்பதே இன்றைய அறிவியல் தரும் விடை. மூக்கின் வழியே புகுந்து மூளையைத் தாக்கும் அமீபா நோய் மருத்துவ உலகிற்கு முதன்முதலில் தெரியவந்தது 1965ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவில். ஃபௌலர், கார்ட்டர் என்னும் இரு மருத்துவர்கள் அதனை விவரித்தனர். அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் பேசப்பட்ட ஒரு குறிப்பில் அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க இயலாது.

அதே நூலில் சுவாமிஜி மற்றொன்றையும் வலியுறுத்துகிறார். எதையும் கண்மூடி நம்பலாகாது. ஒவ்வொருவரும் தம் பகுத்தறிவைப் பயன்படுத்தி, பயின்று பார்த்து, உண்மையை அறிய வேண்டும் என்கிறார். அவர் பரிந்துரைத்த பயிற்சியை இன்றைய அறிவின் துணையுடன் பாதுகாப்பாகச் செய்வதே அவருடைய போதனைக்கு முழுமையாகச் செவிசாய்ப்பதாகும்.

நூல்களில் நேதி

நேதியின் வரலாறும் அறியத்தக்கது. சுமார் பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகையில் நேதி என்று கூறப்படுவது நூல் கொண்டு செய்யும் சூத்திரநேதியே. வழவழப்பான நூலை மூக்கினுள் செலுத்தி வாய் வழியே எடுக்கும் முறை அது. பின்னர் எழுந்த கேரண்ட சம்ஹிதையும் நேதியை நூலுடன்தான் சேர்த்துச் சொல்கிறது. ஆயினும் அந்நூல் கபாலபாதியின் ஒரு வகையாக, மூக்கினால் நீரை ஈர்த்து வாயினால் வெளியேற்றும் முறையை விவரிக்கிறது. சுவாமிஜி குறிப்பிட்டது இதற்கு நெருக்கமானது. குழல் பொருந்திய கலத்தில் உப்புநீர் கொண்டு செய்யும் இன்றைய ஜலநேதி, யோக ஆசிரியர்களால் எல்லோருக்கும் ஏற்றவாறு எளிமைப்படுத்தப்பட்ட வடிவமாகும். ஆகவே காலத்திற்கேற்ப முறையைச் செம்மைப்படுத்துவது மரபுக்கு மாறானதன்று. மரபே அவ்வாறுதான் வளர்ந்து வந்துள்ளது.

பெங்களூருவும் மூக்கடைப்பும்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரு இதமான தட்பவெப்பத்திற்குப் பெயர் பெற்றது. ஆயினும் அங்கே குடியேறுவோரில் பலர் சில ஆண்டுகளுக்குள் தும்மல், மூக்கடைப்பு, தலைக்கனம் ஆகியவற்றால் அவதியுறுவதாகக் கூறுவதுண்டு. பூக்கும் மரங்களின் மகரந்தம், கட்டுமானப் பணிகளின் தூசி, வாகனப் புகை, குளிர்ந்த காலைகளின் ஈரப்பதம் ஆகிய அனைத்தும் இதற்குக் காரணமாகலாம். காலி மனைகளில் மண்டி வளரும் பார்த்தீனியம் என்னும் களைச்செடியின் மகரந்தம் மூக்கு ஒவ்வாமையை உண்டாக்குவதைப் பெங்களூருவில் நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்நகரம் யோக சிகிச்சை ஆராய்ச்சிக்கும் ஒரு முக்கிய நிலைக்களன். இங்கு இயங்கிய விவேகானந்த கேந்திர யோக சிகிச்சை ஆய்வு மையத்தின் டாக்டர் நாகரத்னாவும் டாக்டர் நாகேந்திராவும் ஆஸ்துமா நோயாளிகளிடம் மேற்கொண்ட ஆய்வு 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. 53 நோயாளிகள் இரண்டு வாரம் யோகப் பயிற்சி பெற்று, நாள்தோறும் 65 நிமிடம் அதனைத் தொடருமாறு அறிவுறுத்தப்பட்டனர். பயிற்சி பெறாத 53 பேருடன் ஒப்பிடுகையில் அவர்களுக்கு மூச்சுத்திணறலும் மருந்துத் தேவையும் குறைந்தன. இது ஆசனம், பிராணாயாமம், தியானம் ஆகியவை இணைந்த பயிற்சியைப் பற்றியது. நேதியைத் தனித்துச் சோதித்ததன்று. ஆனால் பழமையான பயிற்சியை நவீன மருத்துவத்தின் அளவுகோலால் அளந்து பார்க்கும் மனப்பாங்கிற்கு அது சிறந்த முன்மாதிரி. அதே மனப்பாங்குடன் ஜலநேதியையும் நோக்குவோம்.

ஜலநேதி எவ்வாறு பயன் தருகிறது?

மூக்கின் உட்புறத்தை மெல்லிய சளிப்படலம் போர்த்தியுள்ளது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாது அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சிறைப்படுத்திய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் காற்றறைகள் உள்ளன. இவையே சைனஸ் எனப்படுபவை. நெற்றி, கன்னம், கண்களுக்கு இடைப்பட்ட பகுதி, மூக்கின் பின்புறம் என நான்கு இணைகளாக இவை அமைந்துள்ளன. சிறு துளைகளின் வழியே இவை மூக்குடன் தொடர்பு கொண்டுள்ளன. கன்ன அறையின் துளை அதன் மேற்பகுதியில் இருப்பதால், நாம் நிமிர்ந்து இருக்கும்போது அதனுள் சேரும் சளி எளிதில் வடிவதில்லை. ஒவ்வாமையாலோ சளியாலோ துளை வீங்கி அடைபட்டால் சைனஸ் அழற்சி தோன்றுகிறது.

உப்புநீர் கெட்டித்த சளியை இளக்கிக் கழுவுகிறது; மகரந்தத்தையும் தூசியையும் அகற்றுகிறது; நுண்மயிர்களின் அசைவிற்கு வழி செய்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 76 பேரிடம் ஆறு மாதம் நடைபெற்று 2002இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்குச் சைனஸ் தொல்லைகள் குறைந்தன. நாட்பட்ட சைனஸ் அழற்சிக்கு உப்புநீர்க் கழுவலை 2020ஆம் ஆண்டின் ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டியும் பரிந்துரைக்கிறது. மூக்கு ஒவ்வாமையின் தொல்லைகளை இது குறைக்கக்கூடும் என்று 2018இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு கூறியது. ஆயினும் சான்றுகளின் வலிமை குறைவு என்பதையும் அது மறைக்கவில்லை.

எனவே ஜலநேதி ஒரு நல்ல துணைப் பயிற்சி. அது சர்வரோக நிவாரணி அன்று. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இதனை மட்டும் நம்பி இருப்பது தவறு.

குடிக்கத் தகுந்த நீர், மூக்கிற்குத் தகுந்த நீராகாது

குடிக்கும் நீர் வயிற்றை அடைகிறது. அங்குள்ள அமிலம் பல கிருமிகளை அழித்துவிடுகிறது. மூக்கிற்கு அத்தகைய அரண் இல்லை. மூக்கின் கூரைப் பகுதியில் சல்லடை போன்ற மெல்லிய எலும்பு உள்ளது. அதன் துளைகளின் வழியே வாசனை நரம்புகள் நேராக மூளையைச் சென்றடைகின்றன. நெக்லீரியா ஃபௌலரி என்னும் அமீபா இந்தப் பாதையிலேயே பயணம் செய்கிறது. இதனை விழுங்கினால் தீங்கில்லை. மூக்கில் புகுந்தாலோ மூளையைத் தாக்குகிறது. வெதுவெதுப்பான நன்னீரிலும் மண்ணிலும் வாழும் இது 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கக்கூடியது. இதனால் வரும் நோய் மிக அரிது. ஆனால் வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உயிர் பிழைப்பதில்லை.

2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர் இந்நோயால் இறந்தனர். இருவரும் நேதிக் கலத்தில் வீட்டுக் குழாய் நீரை நிரப்பி மூக்கைக் கழுவியவர்கள். ஆய்வாளர்கள் அவர்களுடைய வீடுகளின் நீர்க்குழாய் அமைப்பில் அமீபாவைக் கண்டனர். ஊருக்கு வழங்கப்பட்ட நீரின் மாதிரிகளில் அது காணப்படவில்லை. இந்த ஒரு செய்தியில் நமக்குப் பெரும் பாடம் உள்ளது. நகரம் சுத்திகரித்து வழங்கும் நீரும் வீட்டின் தொட்டியிலும் குழாயிலும் தங்கும்போது மாசுறக்கூடும்.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 2024ஆம் ஆண்டு குளங்களிலும் ஓடைகளிலும் குளித்த சிறுவர்கள் சிலர் இந்நோய்க்குப் பலியாயினர். அவ்வாண்டு ஜூலையில் கோழிக்கோட்டில் ஒரு சிறுவன் விரைவாக நோய் கண்டறியப்பட்டதால் உயிர் பிழைத்தான். 2025இல் மூளையைத் தாக்கும் அமீபா நோய்கள் அங்கே மேலும் பலரைத் தாக்கியபோது, கிணறுகளிலும் தொட்டிகளிலும் குளோரின் இடும் பணியை மாநில அரசு மேற்கொண்டது.

பெங்களூருவின் நிலையை எண்ணிப் பார்ப்போம். காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றப்பட்டு நகரை அடைகிறது. பின்னர் வீட்டின் நிலத்தடித் தொட்டியிலும் மாடித் தொட்டியிலும் தங்குகிறது. வெயிலில் தொட்டி சூடேறுகிறது. நாளடைவில் குளோரினின் வீரியம் குறைகிறது. பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் லாரி நீரும் இதனுடன் கலக்கின்றன. 2024ஆம் ஆண்டின் கோடையில் ஏற்பட்ட தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது லாரி நீரையே நம்பிய குடும்பங்கள் பல. சென்னை, கோவை, மதுரை வாசிகளின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

நீரைத் தயாரிக்கும் முறை

இந்த அச்சத்திற்கு மிக எளிய பரிகாரம் நம் அடுப்பிலேயே உள்ளது. நீரை நன்கு கொதிக்க வைப்பதே அது. குமிழிகள் தளதளவென்று எழுந்த பின்னர், குறைந்தது ஒரு நிமிடம் தொடர்ந்து கொதிக்க வேண்டும். பெங்களூருவின் உயரத்தில் நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆயினும் ஒரு நிமிடம் போதுமானதே. சுமார் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மூன்று நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். மின்கெட்டில் கொதி வந்தவுடன் தானே நின்றுவிடுவதால், அடுப்பில் பாத்திரம் வைத்துக் காய்ச்சுவதே நன்று.

வீட்டுச் சுத்திகரிப்பானில் பிடித்த நீர், இருபது லிட்டர் கேன் நீர், மினரல் வாட்டர் எனப்படும் பாட்டில் நீர் ஆகியவை குடிப்பதற்கு ஏற்றவை. அவை கிருமி நீக்கம் செய்யப்பட்டவை என்று கொள்ளலாகாது. அவற்றையும் காய்ச்சியே பயன்படுத்த வேண்டும். வெறுமனே வெதுவெதுப்பாகச் சூடாக்குவதும், கீசர் நீரைப் பிடித்துக்கொள்வதும் காய்ச்சுவதாகா. உப்பு கலப்பதால் அமீபா உடனே அழிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. காய்ச்சிய நீரைப் பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்றினால் செய்த முயற்சி அனைத்தும் வீணாகிவிடும். மூடி வைத்துத் தானே ஆறவிட வேண்டும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று காய்ச்சுவது நலம்.

உப்பின் அளவும் முக்கியமானது. நம் உடல்நீரின் உப்புத்தன்மைக்கு ஈடாக, ஒரு லிட்டருக்கு 9 கிராம் வீதம் கலக்க வேண்டும். அரை லிட்டர் நீருக்கு நாலரை கிராம் போதும். 5 மில்லிலிட்டர் கொள்ளும் அளவுக் கரண்டியில் தூள் உப்பைத் தலைதட்டி எடுத்தால், முக்கால் கரண்டி ஏறத்தாழ இவ்வளவு இருக்கும். கலந்த நீர் கண்ணீரின் கரிப்பை ஒத்திருக்கும். உப்பு குறைந்தாலும் மிகுந்தாலும் மூக்கு எரியும். அயோடினும் பிற பொருள்களும் கலவாத தூய உப்பு இதமானது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் அளவிட்ட உப்புப் பொட்டலங்களையும் பயன்படுத்தலாம். மண்ணும் தூசும் கலந்த கல்லுப்பு ஏற்றதன்று. நீரின் சூடு உடற்சூட்டை ஒட்டி இருக்க வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் சில துளிகள் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கலமும் கையும்

தூய நீரை அழுக்குக் கலத்தில் ஊற்றுவதால் பயனில்லை. நேதிக் கலத்தை ஒவ்வொரு முறையும் சோப்பிட்டுக் கழுவி, காய்ச்சிய நீரால் அலசி, கவிழ்த்து வைத்து முற்றிலும் உலர்த்த வேண்டும். குழலின் உட்புறத்தில் ஈரம் தங்கலாகாது. கழுவுவதற்கு முன் கைகளையும் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ள வேண்டும். ஒருவர் கலத்தை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. கணவன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனிக் கலங்கள் வேண்டும். யோக முகாம்களில் பலருக்காகப் பெரிய அண்டாவில் நீர் வைக்கப்படும் இடங்களில், அந்நீர் காய்ச்சி ஆறியதா என்று கேட்டறிந்து கொள்வது பயிற்சியாளரின் உரிமை; முன்னதாகவே அதனை உறுதி செய்வது நடத்துவோரின் கடமை.

செய்முறை

முதன்முறை தகுந்த ஆசிரியரின் முன்னிலையில் கற்றுக்கொள்வது சிறந்தது. காலையில், உணவுக்கு முன், பிராணாயாமத்திற்கு முன்பாகச் செய்யலாம். கைகழுவும் தொட்டியின் முன் நின்று சற்றே குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். வாயைத் திறந்து வாயினால் மட்டுமே மூச்சு விட வேண்டும். மேலே உள்ள நாசியில் குழலை மெதுவாகப் பொருத்திக் கலத்தைச் சிறிது உயர்த்தினால், நீர் தானே மறு நாசியின் வழியே வழியும். ஒரு நாசிக்கு 100 முதல் 120 மில்லிலிட்டர் போதுமானது. பின்னர் மறுபுறம் அவ்வாறே செய்ய வேண்டும். நீரை உறிஞ்சுவதோ, இடையில் பேசுவதோ, விழுங்குவதோ கூடாது.

முடித்த பின் மூக்கை உலர்த்துவது பயிற்சியின் இன்றியமையாத பகுதி. முன்னோக்கிக் குனிந்து, இரு நாசிகளையும் திறந்தபடி, மெல்ல மூச்சை வெளியேற்றித் தங்கிய நீரை வடிக்க வேண்டும். ஒரு நாசியை அடைத்துக்கொண்டு பலமாகச் சீந்தினால் நீர் காதினுள் தள்ளப்பட்டு வலி உண்டாகலாம். உடனே படுப்பதும் குளிர்காற்றில் செல்வதும் தவிர்க்கத்தக்கவை. ஒவ்வாமை மிகுந்த காலத்தில் நாளுக்கு ஒருமுறையும், பிற காலங்களில் வாரம் இரண்டு மூன்று முறையும் போதும்.

யார் தவிர்க்க வேண்டும்?

மூக்கில் அடிக்கடி இரத்தம் வடிவோர், காதில் சீழோ வலியோ உள்ளோர், மூக்கிலோ காதிலோ அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், தலையில் அடிபட்டோர், மூக்கு முற்றிலும் அடைபட்டோர், விழுங்குவதில் சிரமம் உள்ளோர், சொன்னபடி செய்ய இயலாத சிறு குழந்தைகள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதனைச் செய்யலாகாது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் அவ்வாறே. நீரிழிவு உள்ளோருக்கு முகவீக்கம், கண்வலி, மூக்கில் கருமையான பொருக்கு தோன்றினால் நேதி செய்துகொண்டு காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். 2021ஆம் ஆண்டு கோவிட்டுக்குப் பின் பரவிய கரும்பூஞ்சை நோய் இப்பாடத்தை நமக்குப் புகட்டியது.

காய்ச்சாத நீர் மூக்கினுள் சென்ற பன்னிரண்டு நாள்களுக்குள் கடுந்தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் சிறிதும் தாமதிக்கலாகாது. மூக்கில் நீர் சென்றதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். அந்த ஒரு சொல் சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடும்.

சௌசம் தொடங்கும் இடம்

பூஜைக்கு அமர்வோர் முதலில் பூஜைப் பாத்திரங்களைத் துலக்குகின்றனர். நீரை வடிகட்டி எடுக்கின்றனர். அதன் பின்னரே அபிஷேகம். அந்தச் சிரத்தையே இங்கும் வேண்டப்படுகிறது. ஜலநேதியில் மூக்கில் நீர் பாயும் நேரம் ஓரிரு நிமிடமே. எஞ்சியவை நீரைக் காய்ச்சுதல், ஆறவிடுதல், உப்பை அளத்தல், கலத்தைத் துலக்குதல், உலர்த்துதல் ஆகியவை. இவற்றைத் தொல்லையாகக் கருதி விரைந்து கடப்பவர் பயிற்சியின் பாதியை இழக்கிறார். இவற்றையே பொறுமையுடனும் விழிப்புடனும் செய்பவருக்கு, நாசியில் நீர் படுவதற்கு முன்னரே சௌசம் தொடங்கிவிடுகிறது. அவ்வாறு தூய்மையுற்ற நாசியின் வழியே மூச்சு தடையின்றிச் சென்று வர, பிராணாயாமமும் ஜபமும் தியானமும் இனிது கூடும்.